அத்தை கையோடு கொண்டுபோன பூட்டு

பூட்டு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் அதை இழுத்துப் பார்ப்பார்கள். நான் அப்படியில்லை. கதவு நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று முதலில் கேட்பேன். இந்த ஞானம் பத்து வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. முதல் பூட்டை வாங்குவதற்கு முன்னால் வந்திருந்தால் இன்னும் பெருமையாக இருந்திருக்கும். வாங்கிப் பதினெட்டு நாள் கழித்துத்தான் வந்தது.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், சங்கராபுரம் பஸ் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. மண் இளக்கம் என்பதால் அஸ்திவாரத்துக்கு ஆழமாகத் தோண்ட வேண்டியதாயிற்று. தோண்டியது வீணாவானேன் என்று மேஸ்திரி வீட்டுக்கடியில் ஓர் அறையைக் கட்டிவிட்டார். அதற்குக் ‘கீழ் ரூம்’ என்று பெயர். வீட்டுக்குள்ளிருந்து அதற்கு வழி கிடையாது. வெளியே, மேற்குச் சுவரை ஒட்டித் தரையோடு சாய்ந்து படுத்திருக்கும் இரும்புத் தகட்டுக் கதவைத் தூக்கினால் ஏழு படிகள் இறங்கும். உள்ளே மக்காச்சோள மூட்டை, பழைய மோட்டார், கிறிஸ்துமஸ் குடில் சாமான். சுவரின் உச்சியில் ஒரு சாண் உயரத்துக்குக் கம்பி போட்ட வெளிச்சத் துவாரம். கோடையில் வீட்டிலேயே குளுகுளுவென்று இருக்கும் இடம் அதுதான்.

அந்த ஏப்ரலில் அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு டிரங்குப் பெட்டியோடும் தையல் மிஷினோடும் வந்து இறங்கினாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று என்னிடம் சொன்னார்கள். லீவுக்கு வருகிறவர்கள் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று நான் யோசிக்கவில்லை. பழைய சேலையில் எனக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள், அதோடு என் கேள்விகள் முடிந்துவிட்டன.

அப்பா எங்கெங்கோ பேசி, மலைமேல் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டரைப் பிடித்து வந்தார். ஜூனுக்குள் தைத்து முடிக்க வேண்டும். “கையில ஒரு தொழிலு இருந்தா அது இங்கயே இருக்கட்டும். எவன் இன்னா கேக்கறான்னு பாக்கறன்” என்று அவர் அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன். தைத்தால் அத்தை இருப்பாள், தைக்காவிட்டால் போய்விடுவாள். அவ்வளவு எனக்குப் புரிந்தது.

வீட்டில் இடமில்லாததால் மிஷின் கீழ் ரூமுக்குப் போயிற்று. மிஷினும் துணிக்கட்டும் இருக்கும் அறைக்கு நல்ல பூட்டு வேண்டாமா? பூட்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் கடைசிப் பேச்சு என்னுடையது. பீரோ சாவி தொலைந்தபோது ஹேர்பின்னால் அதைத் திறந்தவள் நான். அதனால் அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு சங்கராபுரத்துக்குப் போனார். நான் கடையிலேயே பெரிய தொங்குபூட்டைத் தேர்ந்தெடுத்தேன். எட்டு லீவர். இரண்டு கையாலும் தூக்க வேண்டும். அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், போலீஸ் ஸ்டேஷன் கதவு சாத்துகிற மாதிரி.

வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். அத்தை மட்டும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ள இருந்து தொறக்கலாமா பாப்பா?” என்று கேட்டாள்.

“உள்ள யாரு அத்த இருக்கப் போறா? மக்காச்சோளமா?” என்றேன். தம்பி தரையில் விழுந்து சிரித்தான். அத்தையும் சிரித்தாள்.

அறையை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் மிஷின்மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பூட்டின்மேலும் ஒரு கை தெளித்தார். படுத்திருக்கும் கதவில் பூட்டும் படுத்துத்தான் கிடக்கும், சாவித் துவாரம் வானத்தைப் பார்த்தபடி. அதற்குள் போன முதல் தண்ணீர் தீர்த்தம்தான். இரண்டாவது கோடை மழை.

அத்தைக்கு என் பூட்டின்மேல் எவ்வளவு பிரியம் என்பது மறுநாளே தெரிந்தது. காலையில் கதவைத் திறந்ததும் பூட்டைக் கொண்டியிலேயே விட்டுவிட்டுப் போகமாட்டாள். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, மிஷின் பலகையில் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் தைக்க உட்காருவாள். “எம்பூட்ட உட்டு அத்தையால இருக்க முடியல” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பதினெட்டாம் நாள் அத்தைக்கு இரண்டு கையும் நிறையத் துணி. பூட்டைத் திறந்து ஈர மணலிலேயே போட்டுவிட்டு, அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே போய்விட்டாள். கதவு காற்றுக்குத் திறந்து கிடந்தது. நானும் தம்பியும் அங்கே விளையாடிக்கொண்டிருந்தோம்.

“இது ஒரு பூட்டாக்கா? நான் ஒரு இழு இழுத்தா பிச்சிக்கும்” என்றான் தம்பி.

“எங்க, இழுடா பாக்கலாம்!”

கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டி, பூட்டை அமுக்கினேன். ‘டக்.’

கீழே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மிஷின் அந்தச் சத்தத்தோடு நின்றது.

தம்பி இழுத்தான், உதைத்தான், மேலே ஏறிக் குதித்தான். பூட்டு அசையவில்லை. நான் வெற்றியோடு என் கழுத்துக் கயிற்றிலிருந்த இரண்டாவது சாவியை எடுத்து உள்ளே விட்டேன். போகவில்லை. துவாரம் முழுக்க மணல்.

அத்தை படி ஏறி வரும் சத்தம் கேட்டது. கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. கதவைத் தட்டக்கூட இல்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தியிருப்பாள் போலும். நான் மண்டி போட்டிருந்த தகடு என் முழங்காலுக்கடியில் லேசாக உயர்ந்து, அப்படியே நின்றது.

“அத்த, ரெண்டே நிமிஷம் அத்த!”



அம்மா ஓடி வந்தாள். “அடிப்பாவி, இன்னா காரியம் பண்ணிட்டு நிக்கற!” என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவள் செய்ததுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. புடவையோடு அந்த இரும்புக் கதவின்மேல் குப்புறப் படுத்து, இடுக்கில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள். “தோ தொறந்துட்டம்மா. பசங்கதான் வெளையாட்டா பூட்டிடுச்சிங்க, வேற யாரும் இல்ல. நான் இங்கயேதான் இருக்கறன், எங்கயும் போவல. கேக்குதா?” பட்டப்பகலில், பத்து நிமிட விஷயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

ஹேர்பின்னால் மணலைத் தோண்டி, தேங்காய் எண்ணெயை விட்டு, மறுபடி தோண்டி, ஒருவழியாகச் சாவியைத் திருப்பினேன். கதவைத் தூக்கினால் அத்தை மேல்படியிலேயே நின்றிருந்தாள். ரவிக்கை முழுக்க வியர்வை. குளுகுளு அறையில் எப்படி இவ்வளவு வியர்த்தது என்று ஆச்சரியப்பட்டேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. புங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னாள். “கீழ எனக்கு வேணாம் ணா. என்னால ஆவாது. ஆர்டர திருப்பிக் குடுத்துடு. ரெண்டு நாளு பாத்துட்டு அங்கயே போய்டறன்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் பூட்டால் அத்தை போகப்போகிறாள்! நான் நேராக அப்பாவிடம் போய், “நாளைக்குக் கடைக்குப் போவணும். நான் வாங்கனது தப்பு” என்றேன். அந்த வார்த்தையை என் வாயிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் இன்னும் பெரிய தொங்குபூட்டை எடுக்கப் போனார்.

“அது வேணாங்க. படுத்தினு இருக்கற கதவு. மழைத் தண்ணி, மணலு எல்லாம் உள்ள பூந்துடும். அப்பால, உள்ள இருந்தே தொறக்கணும். சாவி இல்லாம.”

அவர் நைட் லாட்ச் ஒன்றை எடுத்து வைத்தார். கதவின் உட்புறத்தில் பொருத்துவது. வெளியே இருப்பவருக்குச் சாவித் துவாரம், உள்ளே இருப்பவருக்குத் திருகுகிற குமிழ். “இதுல ஒரு விசேசம் இருக்குது பாப்பா” என்று சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார். “இப்ப உள்ள இருக்கறவன் தலகீழா நின்னாலும் தொறக்க முடியாது.”

குமிழைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை.

“இந்த விசேசம் இல்லாதது குடுங்க.”

“இன்னா சார் இது, நல்லதக் காட்டுனா வேணான்றா! இதாங்க சேப்டி ஜாஸ்தி. மத்ததெல்லாம் கம்மி.”

“ஒரே சுத்துதான் இருக்கணும். வெளிய எவன் பூட்டனாலும் உள்ள இருந்து தொறக்கணும்” என்றேன்.

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரோரம் அடுக்கியிருந்த ஆணி டப்பாக்களைப் பார்த்தபடியே, “அவ கேக்கறதக் குடுங்க” என்றார். ஆணி வாங்கப்போகிறார் என்று நினைத்தேன்.

வெல்டிங் பட்டறைக்காரர் வந்து தகட்டில் துளை போட்டு லாட்சைப் பொருத்தினார். கொண்டியை அறுத்து எடுத்துவிடச் சொன்னது நான்தான். அது இருந்தால் யாராவது மறுபடி பூட்டு மாட்டுவார்கள், குறிப்பாக நான். சாவித் துவாரத்தின்மேல் சைக்கிள் டியூபை நாக்கு மாதிரி வெட்டி மூடி வைத்ததும் என் யோசனைதான். இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறேன். அதைவிடப் பொருத்தமான ஒரு வேலையை இன்னும் நான் செய்யவில்லை. எத்தனையோ மழை போய்விட்டது. அந்த லாட்ச்சுக்குள் ஒரு சொட்டு இறங்கியதில்லை.

அன்று அத்தை தயங்கித் தயங்கிக் கீழே இறங்கினாள். என்னையே வெளியே நின்று கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன். உள்ளே குமிழ் திரும்பும் சத்தம். கதவு எழும்பியது, அத்தையின் முகம் வந்தது. மறுபடி சாத்தச் சொன்னாள். மறுபடி வந்தாள். எட்டுத் தடவை. ஐந்தாவது தடவையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். எட்டாவது தடவை, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என் லாட்ச் அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

“சாவி இந்தா அத்த.”

“எனக்கு எதுக்குடி? நீயே வச்சிக்கோ” என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு கீழே இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடத் தொடங்கியது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே சீருடைகள் மலை ஏறிவிட்டன.

அத்தையின் வீட்டுக்காரர் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவார் என்பதை நான் பிளஸ் டூ படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். மூன்று வருஷம் அப்படி இருந்தாளாம்.

பத்து வயதில் எனக்கு அதெல்லாம் தெரியாது. சாவியை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வீட்டில் இத்தனை பெரியவர்கள் இருக்க அத்தை என்னை நம்பித்தான் கொடுத்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தச் சாவி இனி யார் கையில் இருந்தாலும் அத்தைக்கு ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.