வெள்ளிக்கிழமை மைல் டிக்கெட்

1997 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். சவரம், குளியல், பேப்பரில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். இட்லி சாப்பிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, திருநின்றவூர் நிலையத்தில் ஏழு பத்து மின்சார ரயிலைப் பிடித்தேன். அன்று வழக்கத்துக்கு மாறாகச் செய்தது ஒன்றுதான். என் பாஸ்போர்ட்டையும் முன்பதிவுச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மாமனாரிடம் கொடுத்தேன். எழும்பூரில் இருந்த பயண முகவர் அலுவலகத்துக்குப் போய் டிக்கெட்டை வாங்கி வரவேண்டியது அவர் வேலை. இயந்திரம் ஏற்றுமதிக்குப் புறப்படும் நாள் என்பதால் எனக்கு விடுப்பு இல்லை.

நான் வேலை பார்த்தது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பொட்டலம் போடும் இயந்திரங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில். எங்கள் இயந்திரம் எந்த ஊருக்குப் போனாலும் பின்னாலேயே போய், அதன் பாகங்களைப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது என் பொறுப்பு. பிரேசிலில் சாவ் பாவ்லோவுக்கு அருகே ஒரு காப்பித்தூள் ஆலை எங்களிடம் தொடர்ந்து வாங்கியதால் நாலைந்து வருடங்களில் அங்கே பலமுறை போய்வந்துவிட்டேன். பறந்த தூரத்தை விமான நிறுவனம் மைல் கணக்கில் நம் பெயரில் சேர்த்து வைக்கும். போதுமான அளவு சேர்ந்தால் காசு கொடுக்காமல் ஒரு பயணம் போகலாம். அதற்கென்று கொடுத்த அட்டையைப் பட்டறையில் எல்லோரும் ரேஷன் கார்டு என்பார்கள். "இன்னா சார், இந்த மாசம் பாமாயில் போட்டாங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் அந்த மைல்களைத் தொடாமல் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த ஒரு கோடையில் எங்காவது போகலாம் என்று எண்ணம்.

மே மாதக் கடைசியில் அந்த எண்ணம் போயிற்று. என் மனைவியின் தம்பி சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தான். பிரேசிலில் சாந்தோஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது சரக்கறைக்குள் விழுந்து இடுப்பையும் தொடையையும் முறித்துக்கொண்டான். அங்கேயே ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாவதைச் சீக்கிரம் நம் ஊரில் வைத்துக்கொண்டால்தான் கால் நேராகும் என்றார்கள். அவனை உட்கார வைத்துக் கொண்டுவர முடியாது. விமானத்தில் ஆறு இருக்கைகளை மடக்கி அதன் மேல் படுக்கை போடவேண்டும். கப்பல் முகவர் அலைந்து திரிந்து 23ஆம் தேதி திங்கட்கிழமை விமானத்தில் அதற்கு அனுமதி வாங்கிவிட்டார். குடும்பத்தில் ஒருவர் அதே விமானத்தில் கூட வரவேண்டும் என்பது நிபந்தனை. வராவிட்டால் அனுமதி ரத்து. அடுத்தது எப்போது கிடைக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. மச்சான் தொலைபேசியில் பேசும்போது பாதியில் அழுதான். அவன் அழுது நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

பிரேசில் விசா செல்லுபடியாக இருந்தது என் ஒருவனுக்குத்தான். மைல்கள் இருந்ததும் எனக்குத்தான். ஆகவே யார் போவது என்பதில் குழப்பமில்லை, எந்த வழியாகப் போவது என்பதில்தான் நாட்கள் கழிந்தன. அமெரிக்கா வழியாகப் போனால் இருக்கைகள் தாராளமாக இருந்தன. என்னிடம் அமெரிக்க விசாவும் இருந்தது. ஆனால் மச்சானிடம் இல்லை, படுக்கையோடு அவனை அங்கே இறக்கி ஏற்ற முடியாது. ஆப்பிரிக்கா வழி சுருக்கம், ஆனால் அந்த விமானத்தில் என் மைல்கள் செல்லாது. மிஞ்சியது ஐரோப்பா வழி. ஒவ்வொரு விமானத்திலும் மைல்காரர்களுக்கென்று ஒதுக்குவது ஓரிரு இருக்கைகள்தான். கால அட்டவணைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேடித் தேடி, வெள்ளிக்கிழமை 20ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து புறப்பட ஓர் இடமும், திங்கட்கிழமை படுக்கை போகும் அதே விமானத்தில் திரும்ப ஓர் இடமும் பிடித்தேன். இரண்டும் உறுதியானபோது அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில், டிக்கெட் கைக்கு வந்துவிட்டதா என்று கேட்க பயண முகவர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கே எப்போதும் பேசும் பெண்தான் எடுத்தாள்.

"வாங்கிட்டுப் போயிட்டாரே சார். நீங்க சொன்ன மாதிரியே சனிக்கிழமைக்கு மாத்திக் கொடுத்துட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"வெள்ளி வேணாம், சனிக்கிழமை போடச் சொல்லி மாப்பிள்ளை அனுப்பினாருன்னு பெரியவர் சொன்னாரே சார்."

சனிக்கிழமை இருக்கை உறுதியா என்று கேட்டேன். இல்லை, காத்திருப்போர் பட்டியல், எனக்கு முன்னால் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள். வெள்ளியைத் திரும்பக் கொடு என்றேன். தட்டிப் பார்த்தாள். விசைகளின் சத்தம் எனக்குக் கேட்டது.

"போயிடுச்சு சார். மைலேஜ் சீட்டுல்ல, விட்ட உடனே காத்துக்கிட்டு இருக்கிறவங்க எடுத்துடுவாங்க."

திரும்பும் இருக்கை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஆனால் விதி எனக்குத் தெரியும். போகும் பயணத்தை அந்த டிக்கெட்டில் போகாவிட்டால் திரும்பும் இடமும் தானாகவே ரத்தாகிவிடும். வேறு டிக்கெட்டை விலைக்கு வாங்கி ஓடிப் போய்ச் சேர்ந்தாலும் திங்கட்கிழமை விமானத்தில் எனக்கு இடம் இருக்காது. எனக்கு இடம் இல்லையென்றால் அவன் படுக்கைக்கும் இல்லை.

ஏன் மாற்றினார் என்று நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் அன்று பயணம் கிளம்பக்கூடாது. மாமனார் ஆவடியில் ஓய்வுபெற்ற டர்னர். இரும்பை நூலிழை பிசகாமல் கடைந்தவர், ஆனால் கிழமை பார்க்காமல் பூந்தமல்லிக்குக்கூடக் கிளம்பமாட்டார்.

கோபப்பட நேரமில்லை. கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி போன் செய்தேன். சென்னையில் இல்லையென்றால் பம்பாயிலிருந்து பார் என்றேன். அதே நிறுவனத்தின் விமானம் அங்கிருந்தும் போகிறது, அங்கே மைல் இருக்கைகளின் ஒதுக்கீடு தனி. புறப்படும் ஊரை மாற்ற ஐரோப்பாவிலிருக்கும் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் போனை விட்டு நகரவில்லை. வெளியே இயந்திரத்தை மரப்பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி கிறீச்சிட்டது. "சார், ஒரு தபா வந்து பாத்துட்டு போங்க, அப்பால கோணலாக் கீதுன்னு எங்கள சொல்லாதீங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. என் வேலை வாழ்க்கையில் நான் பார்க்காமல் ஆணியடிக்கப்பட்ட ஒரே பெட்டி அதுதான். இடையில் போன் அடித்தபோதெல்லாம் வேறு யாராவது பேசினார்கள். தாம்பரத்திலிருந்து ஒருவர் போல்ட் விலை கேட்டார். அவரிடம் நான் மரியாதையாகப் பேசவில்லை.

ஐந்தரை மணிக்குச் சற்று முன்னால் அவள் பேசினாள். பம்பாயிலிருந்து வியாழன் இரவு விமானத்தில் ஓர் இடம் இருக்கிறது. திரும்பும் இடம் அப்படியே நிற்கும். புதிய டிக்கெட்டை பம்பாய் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இப்போதே சொல்லவேண்டும், அதை எடுத்தால் சனிக்கிழமைப் பட்டியலிலிருந்து என் பெயர் போய்விடும்.

"பம்பாய்க்கு விமானம்?"

"நாளைக்கும் நாளன்னைக்கும் ஃபுல் சார். நான் பாத்துட்டுத்தான் போன் பண்றேன்."

அப்படியானால் ரயில். மறுநாள் முற்பகல் கிளம்பும் பம்பாய் எக்ஸ்பிரஸ் வியாழன் மதியத்துக்கு மேல் போய்ச் சேரும். வழியில் மழை பிடித்து வண்டி அரை நாள் நின்றுவிட்டால் எல்லாம் போயிற்று. சனிக்கிழமைப் பட்டியலில் காத்திருந்தால் ஒருவேளை கிடைக்கலாம். கையில் இருக்கிற ஒன்று, கிடைக்கக்கூடிய ஒன்று. எடுத்துக்கொள் என்றேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்குப் போனபோது மாமனார் முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உறையை நீட்டினார்.

"வாங்க மாப்ளே. டிக்கெட்டு வாங்கியாந்துட்டேன். சனிக்கெழமக்கி மாத்திட்டேன். ஒர்நா தானே, இன்னா ஆவப் போவுது?"

நான் நடந்ததைச் சொன்னேன். குரலை உயர்த்தாமல் சொல்லவேண்டும் என்று ரயிலில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நைனா, ஏரோபிளேன் இன்னா பூந்தமல்லி பஸ்ஸா, இத வுட்டா அத்த புடிக்கிறதுக்கு? ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யக்கூடாதா நீ?"

"வெள்ளிக்கெழம மேற்கால சூலம்மா."

"சூலமாவது, வேலாவது! அங்க அவன் படுத்துகினு கீறான்!"

"அவன் எந்தக் கெழம போனான்?" என்றார் அவர். சத்தமே இல்லாமல் கேட்டார். "கப்பலுக்கு அவன் கெளம்பனதும் வெள்ளிக்கெழமதான். எனக்குத் தெரியும். ஏஜென்ட்டு கூப்ட்டான், வேல பூடும்னான், நானும் வாய மூடிகினு கெடந்தேன். இப்ப இவுரும் அதே கெழமையில போய் எங்கனா வுழுந்துட்டா நீ இன்னா பண்ணுவே? ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு?"

பெட்டியை எடுத்து வைத்து அடுக்கத் தொடங்கினேன். இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், மச்சானுக்கு லுங்கிகள், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். அது இல்லாமல் திரும்பி வந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியே வைத்துவிடுவார்கள். என் மனைவி புளியோதரை கட்டித் தருகிறேன், இரண்டு நாள் தாங்கும் என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நாளைக்கி புதன். வடக்கால சூலம்னு இப்பவே சொல்லிடு. அப்பால ஸ்டேஷனாண்ட வந்து கைய புடிச்சி இழுக்காதே."

அவர் என்னிடம் கேட்டார்.

"பம்பாய் எந்தப் பக்கம் மாப்ளே?"

"வடமேற்கு, மாமா."

"வடக்கு எவ்ளோ, மேற்கு எவ்ளோ?"

இந்தக் கேள்வியை மச்சான் பிற்பாடு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் குரலிலேயே கேட்டுக் காட்டுவான். வீடே சிரிக்கும். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பாதிக்குப் பாதி இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"ரிசர்வேசன் கீதா?"

"இல்லை. பொதுப்பெட்டிதான்."

"ராத்திரி பூரா நின்னுகினு போனா அங்க போய் எப்டி ஏரோபிளேன் ஏறுவீங்க?" என்றார். எழுந்து போய்க் கொடியிலிருந்து தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுப் பார்த்தார். மறுபடி மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை. மோட்டார் போடவில்லை, பேப்பர் பார்க்கவில்லை. விடிவதற்கு முன் முதல் மின்சார ரயிலில் நானும் அவரும் சென்ட்ரலுக்குப் போனோம். பம்பாய் வண்டியின் காலிப் பெட்டிகள் நடைமேடைக்குப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தபோதே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார். அறுபத்தாறு வயது. கூட்டம் அவரை இடித்தது. ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே கையை விட்டுத் துண்டை இருக்கையில் வீசினார். பிறகு எப்படி ஏறினார் என்று நான் பார்க்கவில்லை. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போய்ச் சேர்ந்தபோது, பனியன் போட்ட ஓர் ஆளோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"பெர்சு, நாந்தான்யா மொதல்ல கைய வச்சேன்."

"கைய வச்சா? துண்டு யார்து? சொல்லு நைனா, துண்டு யார்து?"

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனான். மாமனார் என்னை உட்காரச் சொல்லவில்லை. வண்டி கிளம்ப நேரம் இருந்தது, தான் எழுந்தால் நான் உட்காருமுன் வேறு யாராவது நுழைந்துவிடுவார்கள் என்று பயம். சிக்னல் விழுந்து, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிய பிறகுதான் எழுந்தார். நான் உட்கார்ந்தேனா என்று பார்த்துவிட்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி இறங்கினார்.