மலரில் இல்லாத வேலைநிறுத்தம்

அக்கா கல்லூரியில் வரலாறு எடுத்தபோது, செத்துப்போன ராஜாக்களுக்கு அட்ரஸ் தேடப் போகிறாயா என்று கேலி செய்தவன் நான்தான். அப்பா சிரிக்கவில்லை. நூற்பாலை வாசலில் எட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்து, கடைசியில் விரட்டப்பட்ட பதினொரு பேரில் அவர் ஒருவர்.

"படிக்கட்டும்டா. எங்க கதையையும் ஒருத்தர் எழுதணும்ல" என்றார்.

பட்டம் வாங்கிய கையோடு துணிக்கடைக்குப் போனாள். ஆறு வருடம் துணி மடித்தாள். வரலாறு படித்தவர் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டது ஒரே ஒரு இடம்தான். அதுவும் அந்த ஆலையேதான். ஐம்பதாம் ஆண்டு மலர் தொகுக்க வேண்டுமாம். அப்பா பீரோவைத் திறந்து தன் பணிநீக்கக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். வேலைநிறுத்தம் செய்ததற்காக நீக்குகிறோம் என்று ஆலை முத்திரையோடு இருந்தது. மற்ற பத்துப் பேரும் ஆத்திரத்தில் அன்றைக்கே கிழித்துப் போட்டிருந்தார்கள்.

மேலாளர் கடித்துக் குதறுவார் என்று நினைத்துப் போனவளுக்குக் காபி கிடைத்தது. வேலைநிறுத்தம் பற்றி ஆலைப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை, ஆதாரம் இருந்தால் தாராளமாகப் போடலாம் என்றாராம். ஆதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தை நீட்டிவிட்டாள். சரிபார்த்துத் தருகிறேன் என்று அவர் அதை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

நகல் எடுக்கவில்லை. அசலைக் கையை விட்டு விடாதே என்பது அவளுக்கு முதல் வருடப் பாடம். அந்தப் பாடத் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வேறு.

இரண்டு மாதம் நடையாய் நடந்தாள். எந்தக் கடிதம் என்று கேட்டார் மேலாளர். அப்பாவிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

மலர் வழவழப்பான தாளில் வந்தது. இயந்திரங்களைப் புதுப்பிப்பதற்காக அந்த ஆண்டு ஆலை எட்டு மாதம் மூடப்பட்டிருந்தது என்று ஒரு வரி. அக்கா எழுதாத வரி. முதல் பக்கத்தில் தொகுப்பாசிரியர் என்று அவள் பெயர் பட்டத்தோடு இருந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். அக்கா சுவரைப் பார்த்து நின்றாள்.

"விடும்மா, அவங்க என்னத்தையோ எழுதிக்கட்டும். நம்மகிட்டதான் கடுதாசி இருக்கே" என்றார். "எடுத்துட்டு வா, உள்ள வச்சுப் பூட்டிடறேன்."