எட்டாவது ஆள்

பாண்டீஸ்வரியைச் சிறந்த ரக்பி வீராங்கனை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வேகம் போதாது, வலப்பக்கம் வீசும் பந்து பாதி நேரம் தரையில்தான் விழும். ஆனாலும் மாவட்டப் பெண்கள் அணிக்கு அவள்தான் கேப்டன். காரைக்குடியில் அவள் படம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். அன்றும் அவள் புதுவயல் அரிசி ஆலையில் அவித்த நெல்லைக் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் இருந்தது கவலை. யாருக்குக் கால் சுளுக்கு, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே ஆடுவாள். அணியில் எல்லோரும் கபடியிலிருந்து வந்தவர்கள். கபடியில் வெளியே போனவள், தன் அணி புள்ளி எடுத்ததும் உள்ளே வரலாம். ரக்பியில் அப்படிக் கிடையாது. ஒருத்தி வெளியே வந்தால் அவள் இடத்தில் இன்னொருத்தி ஆடுவாள். களத்தில் ஏழு பேர்தான். பயிற்சியாளர் உதயகுமார் இதை முதல் வாரமே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சென்ற ஆண்டு மாநில இறுதிப் போட்டியில், இரண்டாம் பாதியில், நாகவல்லியின் தலை எதிராளியின் முழங்காலில் மோதியது. எழுந்தாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாண்டீஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

“நாம எங்குட்டுடி ஓடணும்?”

“என்னக்கா இது, அங்குட்டுத்தான்.” நாகவல்லி தங்கள் பக்கத்தையே காட்டினாள்.

பாண்டீஸ்வரி கையைத் தூக்கி ஆளை மாற்றச் சொன்னாள். உதயகுமார் கோட்டோரம் ஓடி வந்தார். “கொஞ்ச நேரந்தான பாண்டி. அவள விட்டா ஓட ஆளு இல்ல.”

“அவ அம்மாவுக்கு நீங்க பதில் சொல்லுவீகளா சார்?”

அவர் யோகலட்சுமியை அனுப்பினார். “பயந்தாங்கொள்ளி கேப்டன்,” என்று முனகியபடி நாகவல்லி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் யோகலட்சுமியே பந்தை எல்லை தாண்டிக் கொண்டுபோய் வைத்தாள். முன்னிலை. ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் நாகவல்லி எழுந்து உள்ளே வந்து, தன் பழைய இடத்தில் நின்றுகொண்டதை யாரும் பார்க்கவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் நடுவர் எண்ணிவிட்டார். எதிரணிக்குப் பெனால்டி. அதிலிருந்து ஓடிய ஓட்டத்தில் அவர்கள் முந்தினார்கள், கோப்பை போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, இன்று இரவு இங்கேயே இருக்கட்டும், பார்ப்போம் என்றார் மருத்துவர்.

“ஒண்ணுமில்லையாம்ல,” என்றாள் யோகலட்சுமி. “ஆட விட்டிருந்தா நேரா செயிச்சிருக்கலாம். கிறுக்கச்சி, கப்பத் தூக்கிக் குடுத்துட்டா.”

“அவள ஒக்கார வச்சேன். பக்கத்துல ஒரு ஆள ஒக்கார வைக்கல. சொல்றத என்னயச் சொல்லு.”

அது பெருந்தன்மையில்லை, கணக்காகப் பார்த்தால் உண்மை. ஆளை மாற்றியதாவது சரியா என்பது அப்போது அவளுக்கே தெரியவில்லை.

நாகவல்லி கண் திறந்தாள். “அக்கா, நாம செயிச்சமா?”

“இல்லடி.”

“யாரு கெடுத்தது?”

“பேசாமப் படு. தலைய ஆட்டாத.”

நாகவல்லி சரி என்றாள். கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு திரும்பி, அதே ஆவலோடு கேட்டாள்: “அக்கா, நாம செயிச்சமா?”

பாண்டீஸ்வரி நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.