ரயில்வே கேட்டில் இத்தாலிக் கார்

என் மகன் ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்தால் எனக்கு இன்னும் தூக்கம் சரியாக வரவில்லை. "பெரியப்பா வீட்டு அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கார் நம்ம காருதாம்மா. பெரியப்பாகிட்ட பேசிட்டேன்" என்றான்.

நம்ம கார் என்று அவன் சொன்னது, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், எங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தை இரண்டு வருடமாக அடைத்துக்கொண்டு நிற்கும் பொருளை. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பந்தயக் காரின் நகல். கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து செய்கிறான். எங்களுடைய உண்மையான கார் தெருவில் வெயிலில் காய்கிறது. சங்கச் செயலாளர் என்னை லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "மேடம், அது எப்ப முடியும்?" என்று கேட்கிறார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லாமல் இருக்கிறானே, சந்தோஷப்படு என்கிறார் என் கணவர். என்னால் முடியவில்லை. வீட்டில் செய்த கார், அதில் ஒரு மாப்பிள்ளை, முன்னால் மேளம். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் அப்படி ஒரு காருக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

என் அப்பாவின் தம்பிக்குக் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்வார்கள். அச்சில் மெழுகு தடவி, கண்ணாடி நூல் பாயை விரித்து, பசையை ஊற்றி, காய்ந்ததும் உரித்தெடுக்க வேண்டும். தொட்டி செய்யத் தெரிந்தவனுக்குக் கார் செய்யத் தெரியாதா என்று சித்தப்பாவுக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. தோன்றவைத்தது சலூனில் மாட்டியிருந்த காலண்டர். அதில் ஓர் இத்தாலிக் கார், சிவப்பாக, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. வருடம் முடிந்ததும் சலூன்காரர் படத்தைக் கிழித்துச் சித்தப்பாவிடமே கொடுத்துவிட்டார். அவர் மட்டும் அதைக் குப்பையில் போட்டிருந்தால் எங்கள் குடும்பம் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

படத்தில் காரின் முன்புறமும் இடதுபுறமும்தான் தெரிந்தன. வலதுபுறமும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் ஊகித்ததில் தவறில்லை. பின்புறம் எப்படி இருக்கும் என்பது தாம்பரம் வட்டாரத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே பின்புறம் முழுக்கச் சித்தப்பாவின் கற்பனை. ஆட்டோவின் சிவப்பு விளக்குகள் இரண்டை அதில் பதித்தார். காயலான் கடையில் வாங்கிய ஒரு பழைய காரின் அடிப்பாகமும் எஞ்சினும்தான் ஆதாரம். அசல் காரில் எஞ்சின் பின்னால் இருக்குமாம். எங்களுடையதில் முன்னால் இருந்தது. அதன் மேல் காரின் மூக்கு படியாததால் நடுவே ஒரு மேடு எழுப்பினார். கதவுக்குக் கீல் சரிவரவில்லை, கதவையே ஒட்டிவிட்டார். ஏறி, தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கூரைக்கு ஏற்ற வளைந்த கண்ணாடி கிடைக்கவில்லை, கூரையையே விட்டுவிட்டார். எல்லாம் முடிந்தும் படத்தில் இருப்பதுபோல் தாழ்வாகத் தெரியவில்லை என்று ஸ்பிரிங்குகளை வெட்டிக் குட்டையாக்கினார்.

சேலையூரில் எங்கள் வீட்டின் பின்புறம்தான் இத்தனையும் நடந்தது. கண்ணாடித் தூசி கொடியில் காயும் துணியிலெல்லாம் படிந்து, வீடே சொறிந்துகொண்டிருந்தது. ரசத்தில்கூடப் பசை வாடை அடிக்கிறது என்று அம்மா தினமும் சொல்வாள். அப்பா அந்த வண்டியைக் கடைசிவரை தொட்டி என்றுதான் குறிப்பிட்டார். "உன் தொட்டிய கொஞ்சம் நகத்து, சைக்கிள எடுக்கணும்" என்பார்.

அதே வீட்டில், அதே சமயத்தில், அத்தையின் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. தட்டெழுத்துப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே ஒரு வரன் நிச்சயமாகி, நின்றுபோயிருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்து திரும்பிய வழியில் பையன் வீட்டாரின் வேன் பழுதாகி நின்றதாம். சகுனம் சரியில்லை என்று பெரியவர்கள் சொன்னார்களாம். பையன் வாயே திறக்கவில்லையாம். அதற்குப் பிறகு இந்த அனகாபுத்தூர் வரன் அமைந்தது. தறிக்காரக் குடும்பம், மாப்பிள்ளைக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. இதுவும் நின்றால் இனிமேல் தன்னிடம் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று அத்தை அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அதனால் மாப்பிள்ளை வீட்டார் எது சொன்னாலும் அப்பா தலையை ஆட்டினார்.

அவர்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒன்றே ஒன்று சொன்னார்: மாப்பிள்ளை அழைப்பு திறந்த காரில்தான் நடக்க வேண்டும். அவருக்கும் அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்ததாம். அப்பா சரி என்றுவிட்டுத் தேடிப் போனபோது, முகூர்த்த நாள் என்பதால் பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை ஒரு திறந்த காரும் காலியாக இல்லை. சித்தப்பா இந்த நாளுக்காகவே காத்திருந்ததுபோல் வந்து நின்றார்.

"வாடகை வண்டி எதுக்குண்ணா? வூட்லயே ஒண்ணு கீதே" என்றார்.

அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். அப்பா பின்பக்கம் போய் அதை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அதுவரை தொட்டியாக இருந்தது அன்றைக்குத்தான் அவர் வாயில் காராக மாறியது. "கார் ஸ்டார்ட் ஆவுமில்ல?" என்று கேட்டார்.

ஸ்டார்ட் ஆனது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம். முந்தைய நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. மண்டபம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையில் இருந்தது. நடுவே ரயில்வே கேட். முன்னால் நாகஸ்வரமும் தவிலும். இரண்டு பக்கமும் தலையில் டியூப்லைட் சுமந்த பெண்கள். அவர்களை ஒருவரோடு ஒருவர் இணைத்து ஓடும் மின்கம்பி, கடைசியில் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். நடுவில் மல்லிகைச் சரம் சுற்றிய இத்தாலிக் கார். சித்தப்பா ஓட்டினார். மாப்பிள்ளை கோட்டு சூட்டு மாலையோடு பக்கத்தில் இருந்தார். இருக்கை அவ்வளவு தாழ்வு என்பதால் தெருவில் நின்றவர்களுக்கு மாலையும் தலைப்பாகையும் மட்டும்தான் தெரிந்தன. எத்தனையோ பேர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டார்கள். பெண் வீட்டுக் குழந்தை ஒன்று மாப்பிள்ளையோடு உட்கார வேண்டும் என்று யாரோ சொல்ல, இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த பலகையில் பட்டுப்பாவாடையோடு என்னைத் திணித்தார்கள்.

கேட் திறந்துதான் இருந்தது. மேளக்காரர்கள் கடந்தார்கள். சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், அவர்களில் அம்மாவும், கடந்தார்கள். நாங்கள் முதல் தண்டவாளத்தைத் தாண்டினோம். இரண்டு பாதைகளுக்கும் நடுவில் சாலை லேசாக மேடு தட்டியிருந்தது. கீழே நறநறவென்று ஒரு சத்தம். வண்டியின் வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டது. சித்தப்பா ஆக்ஸிலரேட்டரை அழுத்த, சக்கரம் பிடிமானமில்லாமல் சுற்றியது. பழைய எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

கேட்டை மூட முடியாவிட்டால் ரயிலுக்கு சிக்னல் விழாது, ரயில் தள்ளியே நின்றுவிடும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று அது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கொஞ்ச தூரத்தில் தாம்பரத்திலிருந்து வந்த மின்சார ரயில் ஒன்று முகவிளக்கை எங்கள் மேல் அடித்துக்கொண்டு விடாமல் ஹாரன் போட்டது மட்டும்தான். அதிலிருந்து ஆட்கள் இறங்கி வேடிக்கை பார்க்க வந்தார்கள். டியூப்லைட் பெண்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். கம்பி இழுக்குமே என்று யாரும் அசையவில்லை.

கேட்கீப்பர் கொடியோடு ஓடிவந்தார். "இன்னாய்யா பண்ணிகினு கீறீங்க? மாப்ளய எறக்கி வுடு மொதல்ல. வண்டிய தள்ளு."

அதற்குள் தாய்மாமன் குறுக்கே வந்து கையை நீட்டி மறித்தார். கோயிலில் ஏறிய மாப்பிள்ளை மண்டபத்து வாசலில்தான் காலை வைக்க வேண்டுமாம். நடுவழியில், அதுவும் தண்டவாளத்தில் இறங்கினால் கல்யாணத்துக்கு நல்லதில்லையாம். "வண்டியோட தூக்குங்க" என்றார்.

"சம்பிரதாயம்லாம் மண்டபத்துல பாருங்க சார். எனக்கு கேட்டு மூடணும்."

"கேட்டு நாளைக்கும் மூடலாம்யா. இவருக்குக் கல்யாணம் ஒரு தடவதான்."

அப்பா என்ன செய்திருக்க வேண்டும்? என்னை இறக்கியிருக்க வேண்டும். அவர் தாய்மாமனிடம், "நீங்க சொல்ற மாதிரியே தூக்கிடலாம் சார்" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். தவில்காரர்கள் தவிலை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். ரயிலிலிருந்து இறங்கி வந்த ஆபீஸ்காரர்கள் சிலரும் பையைத் தோளில் மாட்டியபடி கை கொடுத்தார்கள். எல்லோரும் காரின் விளிம்பைப் பிடித்து குரல் கொடுத்துத் தூக்க, கார் எழவில்லை, மூக்கு மட்டும் எழுந்தது. ஒரு தவில்காரர் கையில் முன்பக்கம் முழுதாகக் கழன்று வந்துவிட்டது. "அண்ணா, அங்க புடிக்காதீங்க, அது ஒட்டினது" என்று சித்தப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கு ரயில் கண்ணில் படவே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, பாப்பாவ எறக்குங்க, பாப்பாவ எறக்குங்க என்று கத்துவது எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. எந்தக் காலை முன்வைத்து இறங்கினால் பரவாயில்லை, ஒரு பலகை போட்டு இறக்கினால் அது தரையாகுமா என்றெல்லாம் அங்கே ஒரு விவாதம் தொடங்கியிருந்தது. இதை இப்போது எழுதும்போதுகூட எழுந்து போய் யாரையாவது உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

கோயிலிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் வந்த மாப்பிள்ளை அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார், ரயிலையும் பார்த்தார். மாலையைக் கழற்றி இருக்கையில் வைத்தார். என்னை இரண்டு கைகளாலும் தூக்கி, வெளியே நின்ற ஓர் ஆபீஸ்காரரிடம் நீட்டி, "பாப்பாவ அவங்க அம்மாகிட்ட குடுத்துடுங்க" என்றார். அப்புறம் ஒட்டிய கதவின் மேல் கால் போட்டுத் தண்டவாளத்தில் குதித்தார்.

"மாப்ள, இன்னா பண்றீங்க?" என்றார் தாய்மாமன்.

"எறங்கிட்டேன் மாமா. ஒரு கை புடிங்க."

தாய்மாமன் பிடிக்கவில்லை. மற்றவர்கள் பிடித்தார்கள். இரண்டு ஆள் பாரம் குறைந்ததும் அந்தத் தொட்டி அசைந்து கொடுத்து, உருண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கேட் மூடியது. ரயில் போகும்போது ஜன்னல்களில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அம்மாவின் கை என் தோளை வலிக்கும்படி பிடித்திருந்தது.

மீதி தூரத்தை மாப்பிள்ளை மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். தாய்மாமன் மண்டபத்துக்குள் வரவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் தன் ஆட்களோடு உட்கார்ந்துகொண்டு, கல்யாணத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். அப்பா சமையற்கட்டு வாசலில் நாற்காலி போட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். மண்டபத்தில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். சித்தப்பா மட்டும் வாசலில் கார் மூக்கைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் மணப்பெண் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அத்தை பாதி அலங்காரத்தில், ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ரயில் விளக்கைச் சொன்னேன். தவில்காரர் கையில் மூக்கு கழன்று வந்ததை நடித்தே காட்டினேன். அவள் அதிலெல்லாம் கவனமாக இல்லை.

"அவரு எப்புடி எறங்கினாரு? யாராச்சும் எறங்கச் சொன்னாங்களா?"

கேட்கீப்பர் சொன்னார், ஆனால் அவர் மாமா வேண்டாமென்றார் என்றேன்.

"மாமா வேணாம்னாரா? அப்பறமும் அவராவே எறங்கினாரா?"

"அவராதான். என்னை மொதல்ல தூக்கிக் குடுத்துட்டு எறங்கினாரு."

அத்தை இன்னொரு ஜிமிக்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். திருகு பொருந்த நேரமானது. அப்புறம் அம்மாவைப் பார்த்து, "அண்ணி, டீக்கடையில இருக்கறவங்க வந்தா வரட்டும். காலைல முகூர்த்தத்துக்கு நான் வந்து உக்காருவேன்னு கீழ அவருகிட்ட சொல்லிடுங்க. அண்ணாவையும் எழுந்து சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே ஓடினாள். தாய்மாமன் விடிந்ததும் வந்துவிட்டார். முன் வரிசையில் உட்கார்ந்து பொங்கலில் மிளகு போதவில்லை என்றார்.

ஆனால் அன்று மாடியில் எனக்கு வந்தது அசாத்தியக் கோபம். இத்தனை நடந்திருக்கிறது; ரயில் வந்து நின்றிருக்கிறது; காருக்கு மூக்கே இல்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு ஆள் வண்டியிலிருந்து இறங்கியதைப் போய் இரண்டு தடவை கேட்கிறாளே என்றிருந்தது. போதாததற்கு அத்தை என் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்து அழுத்திக் கிள்ளினாள். வலித்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று அழுதுகொண்டே அம்மாவைத் தேடிப் போனேன்.