ஒரு வரிசைக்கு ஒரு டோக்கன்

எங்கள் தையல் ஆலையில் வரிசைக்கு முப்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக முப்பது பேருக்கும் ஒரே டோக்கன். அது சூப்பர்வைசர் கையில் இருக்கும்.

காலர் தைக்கும் அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் மாதவிடாய் தாறுமாறானது. இரண்டு மாதம் வராது. வந்தால் கொட்டித் தீர்க்கும். டோக்கன் கேட்டால் சூப்பர்வைசர் எரிந்து விழுவான். அவள் யூனிஃபார்ம் கறையை மறைக்க, என் ஸ்வெட்டரை அவள் இடுப்பில் கட்டிவிட்டேன். மகராசி, இன்றுவரை அதைத் திருப்பித் தரவில்லை.

ஐம்பதில் அடியோடு நின்றது. பிறகு உடம்பு திடீர் திடீரென்று தீயாய் எரிந்தது. பனிக்காலத்திலும் முதுகு நனைந்தது. “நல்லா நடிக்கிறா,” என்றான் சூப்பர்வைசர்.

ஐம்பத்தைந்தில் அக்காவே சூப்பர்வைசர் ஆனாள். எங்களுக்கு வாயெல்லாம் பல். இப்போது அவளுக்கு மூட்டுவலி. சிறுநீரையும் அடக்க முடிவதில்லை.

எனக்கு இப்போது நாற்பத்தாறு. எனக்கும் அதே தாறுமாறு. நேற்று உதிரப்போக்கில் நாற்காலியே நனைந்துவிட்டது.

“அக்கா, தாங்கல. டோக்கன் குடுங்கக்கா.”

“எனக்கு யாருடி குடுத்தா? பேசாம தை,” என்றாள்.

பிறகு டோக்கனை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்தில் மூன்றாவது தடவையாக, அவளே கழிப்பறைக்குப் போனாள்.