விலா வலியும் பூண்டு எண்ணெயும்

போன வருடக் கடைசியில், பள்ளி விடுமுறையும் மழையும் சேர்ந்து வந்த சமயத்தில் நடந்தது இது. மலேசியாவில், கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து வெட்டும் வேலை செய்கிறேன். எனக்கு ஒரே மகள். குவாந்தானில் வேலை பார்க்கிறாள். என் கணவர் எங்கள் தோட்டத்திலேயே லோரி ஓட்டியவர். அதற்கும் இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார்.

அவர் போன விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு நாள் காலை, விலாவில் பிடித்துக்கொண்டது என்றார். "நேத்து டயர் தூக்குனேன்லா, அதான்" என்று அவரே காரணமும் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து வந்தார். "இதத் தேச்சு விடு, எறங்கிடும்" என்றார். நான் தேய்த்துவிட்டேன். சுகமாக இருக்கிறது என்று சொல்லிப் படுத்தவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுப்பப் போனேன். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான் என் மெஷின் கூட்டாளி. கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் கத்தி ஓடும், பின்னால் பை இழுபடும். எங்கள் தோட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள் வேலை அது. கொரோனா நோய்க்காலத்தில் வெளிநாட்டு ஆட்கள் வரமுடியாமல் போனபோது, "நாங்க புடிக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொன்னது அக்கா. சொன்ன வாய்க்காக இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறோம். எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. ஆனால் பேச வேண்டியதும் இல்லை. ஒருவர் கால் வழுக்கினால் மற்றவர் கைக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு யாருக்கு மனசு சரியில்லை என்பதுகூடக் கைப்பிடியில் தெரியும்.

கணவர் போன பிறகு நான் வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்று இருந்துவிட்டேன். மகளுக்கு அது பொறுக்கவில்லை. "சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காராதீங்கம்மா, ரெண்டு நாளு வாங்க" என்று குவாந்தானுக்குக் கூப்பிட்டாள். போனால், அவள் தோழிகளோடு செராத்திங் கடற்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். மழைக்காலத்தில் அங்கே அலை நன்றாக எழும்புமாம். பலகையில் படுத்து அலை மேல் சறுக்கிப் போகிற விளையாட்டைக் கற்றுக்கொள்ளப் போகிறார்களாம். நான் பை காவலுக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். பார்த்தால் என் அளவுக்கும் ஒரு உடை இருக்கிறது. கையும் காலும் மூடியதுதான், ஆனாலும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் கறுப்பு உடை. முழங்காலுக்கு மேல் கடலை அறியாதவள் நான். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலாய் வாலிபர். பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் துடுப்பாக்கித் தண்ணீரைத் தள்ள வேண்டும். "காயோ, காக், காயோ!" என்று கத்திக்கொண்டே இருந்தார். துடுப்புப் போடு அக்கா என்று அர்த்தம். போட்டேன். கொஞ்ச நேரத்தில் மகளும் அவள் தோழிகளும் கை சோர்ந்து கரையேறிவிட்டார்கள். எனக்குச் சோரவில்லை. தினமும் மெஷின் பிடிக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா! எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் கூட வந்துவிட்டது. நெஞ்சைத் தூக்கிக்கொண்டு படுக்கச் சொல்லி அந்தத் தம்பி எத்தனையோ தரம் சொன்னார். சரிவில் குனிந்தே பழகிய உடம்பு கேட்குமா? விலா முழுக்கப் பலகையில் அழுந்த, மறுபடி மறுபடி போனேன்.

எழுந்து நிற்க என்னால் கடைசிவரை முடியவில்லை. மண்டி போட்டதோடு சரி. ஆனால் ஒரு அலை பின்னாலிருந்து என்னை அப்படியே தூக்கிக் கரைவரை கொண்டுபோய்த் தள்ளியபோது நான் சிரித்தேன். சத்தம் போட்டு, வாய்க்குள் உப்புத் தண்ணீர் போகப் போகச் சிரித்தேன். கணவர் போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் சுற்றிலும் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பியபோது மகளைப் பார்த்து வந்தேன் என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னேன். கடலைப் பற்றி மூச்சுவிடவில்லை. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்தில், வாய்க்கு வாய் பேச்சு போகும். புருஷன் போய் ரெண்டு வருஷம்தான் ஆகுது, அதுக்குள்ள கடல்ல குதிச்சு விளையாடிட்டு வந்திருக்கா என்பார்கள். யாரும் சொல்வதற்கு முன்னால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறைத்தேன், ஆனால் விலா மறைக்கவில்லை. திரும்பிய மறுநாள் லேசாக இருந்த வலி, அதற்கு அடுத்த நாள் காலை என்னைப் படுக்கையிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. இருமினால் உயிர் போகிறது. தும்மல் வந்தால் பயமாக இருக்கிறது. ஆழமாக மூச்சு இழுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். முதல் நிரை பாதி ஏறுவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. அக்காதான் அணைத்துவிட்டார்.

"என்னாடி, கை கீழ எறங்குது?"

"ஒன்னும் இல்லக்கா. விலாவுல புடிச்சிருக்கு. துணிப் பைய தூக்குனேன், அதான்."

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லி, என்னைக் கைத்தாங்கலாக லயத்துக்குக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தார். வலி மும்முரத்தில் எனக்கு முன்னும் பின்னும் யோசனை ஓடவில்லை. "அக்கா, உங்க பூண்டு எண்ணெய் இருந்தா கொஞ்சம் தேச்சு விடுங்களேன்" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் வெளிறிவிட்டது. வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டிலிருந்து பூண்டு எண்ணெய் வாசனை வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாரத்துக்கு ஒரு தரம் காய்ச்சி லயம் முழுக்கக் கொடுத்தவர் அவர். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"தேய்க்க மாட்டேன். எந்திரி, ஸ்பித்தாலுக்குப் போறோம்" என்றார். ஸ்பித்தால் என்றால் எங்கள் பேச்சில் ஆஸ்பத்திரி. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "அவரும் ஒன்னும் இல்லன்னுதான் சொன்னாரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நான் எழுந்தேன்.

மண்டோர் தன் காடியை, காரைத்தான் அப்படிச் சொல்வோம், எடுத்தார். முன்னால் அவர், பின்னால் நானும் அக்காவும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. மண்டோர் ஆண்பிள்ளை. அவர் காதில் விழ, ஒட்டிய உடை போட்டுக் கடலில் படுத்துக் கிடந்த கதையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இன்னொன்றும் இருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் குத்தக் குத்த, இது பலகை கொடுத்த வலிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் கணவரும் டயரைத்தானே காரணம் சொன்னார்.

கியா பார்ம் சந்தைப் பக்கம் வந்ததும் காடி நின்றுவிட்டது. விடுமுறைக் கூட்டம். காய்கறிக் கடைகளுக்கும் ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கும் முன்னால் காடிக்குப் பின்னால் காடியாக மலை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் துணியும் காலில் ரப்பர் பூட்ஸுமாகச் சாலை நடுவில் நின்று, "சாக்கிட் ஜந்தோங்! காசி ஜாலான்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நெஞ்சு நோய், வழி விடுங்கள் என்கிறார். யார் யாரோ இறங்கினார்கள். ஸ்ட்ராபெரி விற்ற சீனத்து அம்மா கடையை விட்டு வந்து எதிரே வந்த காடிகளைக் கை காட்டி நிறுத்தினார். கோலாலம்பூரிலிருந்து வந்தவர் போலிருந்தது, ஒருவர் தன் காடியை வடிகால் ஓரமாகச் சாய்த்து ஏற்றி எங்களுக்கு இடம் விட்டார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கு இருக்கைக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. முன்பின் தெரியாத இத்தனை பேர் என் உயிருக்காக வழி விடுகிறார்கள், நானோ பலகையில் விளையாடிவிட்டு வந்தவள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் உடனே படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்தில் கோளாறு தெரியவில்லை என்றார் டாக்டர். மலாய்ப் பெண், சின்ன வயது. பிறகு சட்டையை விலக்கி விலாவை அமுக்கிப் பார்த்தார். நான் போட்ட அலறல் வெளியே மண்டோருக்குக் கேட்டதாம். இரண்டு பக்கமும் கீழ் விலாவில் தோல் கன்றி ஊதா நிறமாக இருந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. அக்காவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. டாக்டர் என் பக்கம் குனிந்து, மெதுவாக, யாராவது உங்களை அடித்தார்களா, பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டார்.

அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. யாரும் அடிக்கவில்லை டாக்டர், செராத்திங் கடலில் பலகை மேல் குப்புறப் படுத்து நாள் முழுக்கத் துடுப்புப் போட்டேன் என்று மலாயில் கொட்டிவிட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குவாந்தானில் படித்த காலத்தில் தானும் அந்தக் கடலுக்குப் போய் இதே விலா வலியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பலகை அழுத்தி விலாவும், துடுப்புப் போட்டு விலாவுக்கு நடுவிலுள்ள தசையும் நோகும், ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்றார். நான் அசட்டுத்தனமாகச் சிரிக்கப் போய் மறுபடி வலியில் துடித்தேன். உடனே அவர் அக்கா பக்கம் திரும்பி, நெஞ்சுப் பக்கம் வலி என்றால் இப்படித்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டும், வீட்டில் வைத்து நாமே முடிவு செய்யக்கூடாது, நீங்கள் செய்ததுதான் சரி என்றார்.

அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ரப்பர் பூட்ஸ் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நான் எறங்கிடும்னு சொன்னேன்டி. அன்னிக்கு நான் அப்டி சொல்லலன்னா, நீ அவர இங்க கொண்டாந்திருப்ப."

இரண்டு வருடமாக என் எதிரே, அதே மெஷினின் மறுபக்கம் நின்றவர். எல்லாம் கைப்பிடியில் தெரியும் என்று பெருமை பேசுகிற எனக்கு இது மட்டும் தெரியவில்லையே. விலா வலியைப் பார்க்காமல் இறங்கிப் போய் அவரைக் கட்டிக்கொண்டேன். "தேச்சது நான்தானேக்கா. நல்லாருக்குன்னு சொன்னது அவருதானே. நீங்க பாசத்துலதானே கொண்டாந்தீங்க. நான் ஒரு நாளும் உங்களக் குத்தமா நெனச்சதில்லக்கா" என்றேன். சொல்லும்போது, அதே ஆறுதல் எனக்கும் சேர வேண்டியது என்று தெரிந்து நானும் அழுதேன்.

வெளியே வந்து ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையை அப்படித்தான் சொல்வோம். மண்டோர் டாக்டரிடமே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார் போல. சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். அக்கா டீயை ஆற்றி ஆற்றி, குடிக்காமல் வைத்திருந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"கடல்ல சிரிச்சியாடி?"

"சிரிச்சேன்க்கா."

"நல்லாவா?"

"தண்ணி வாய்க்குள்ள போற அளவுக்கு."

"அது போதும்லா" என்று சொல்லிவிட்டு டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

கியா பார்மில் கத்தியது எங்களுக்கு முன்னால் லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பிஸ்கட் டின்னோடும் ஆரஞ்சுப் பழத்தோடும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜெபம் பண்ண இரண்டு பேர் தயாராக நின்றார்கள். அக்கா வாசற்படியில் ஏறி நின்று, "நெஞ்செல்லாம் நல்லாருக்கு. கடல்ல பலகை வுட்டு வெளயாடிட்டு வந்திருக்கா, விலா நோவுது, அவ்ளோதான்" என்று அறிவித்துவிட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, எழுந்து நின்றாயா என்று கேட்டாள். மண்டி போட்டதோடு சரி என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பழத்தைத் திருப்பி எடுத்துப் போகவில்லை.

வீக்கம் வற்றிய பிறகு வேண்டுமானால் லேசாக எண்ணெய் தடவிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சுவர் தாண்டி அந்த வாசனை வந்தது, பூண்டு பொரிகிற வாசனை. அக்கா கிண்ணத்தோடு வந்தார். நான் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

விலா சரியாகி எவ்வளவோ நாளாகிவிட்டது. இன்றும் மெஷினில் என் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால் அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்; இப்போது அவர் பக்கம் தாழ்ந்தால் நானும் அணைக்கிறேன், ஏனென்றால் தனியாகிவிட்டேன் என்று நான் அழுதுகொண்டிருந்த அந்த இரண்டு வருடமும் அதே துக்கத்தின் மறுமுனையை அவர்தான் பிடித்துக்கொண்டு நடந்தார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.