அதே மனிதருக்கு இரண்டாம் நிக்காஹ்

என் கணவரை நான் இரண்டு தடவை கட்டியிருக்கிறேன். முதல் தடவை வாப்பா கட்டிக் கொடுத்தார். இருபத்தாறு வருஷம் வாழ்ந்து, மூன்று பிள்ளைகளைப் பெற்ற பிறகு, இரண்டாம் தடவை என் தம்பி கட்டிக் கொடுத்தான். இடையில் தலாக் எதுவும் இல்லை. சனம் சிரிக்க அவர் ஒரு பகிடி விட்டார். அவ்வளவுதான்.

நாட்டில் பால்மா இல்லாத காலம் அது. எங்கள் வீடு குறிஞ்சாக்கேணியில். அவருடைய தேநீர்க்கடை திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில். சுபஹு தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் போய்விடுவார். பால்மாக் கப்பல் வரும் என்றார்கள், வரவில்லை. பால் இல்லாத வெறும் பிளேன்டீதான் ஊற்றினார். ஆனால் வாய் ஓயாது. அவருடைய தேநீர் அப்படியொன்றும் நல்ல தேநீர் இல்லை. சனம் அவருடைய கதைக்குத்தான் வந்தது.

அன்று கடையில் சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டு வரும் ஒருவர் பால் தேநீர் கேட்டிருக்கிறார். பக்கத்தில் என் தம்பியும் இருந்திருக்கிறான்.

"சுவர்க்கத்தில பாலாறு ஓடுது. அங்க பால்மாவுக்கு வரிசை இராது. மௌத்தானா நான் அங்கதான் கடை போடுறது" என்றாராம் இவர்.

"எனக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கோ நானா" என்றாராம் மீன்காரர்.

தம்பி பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். அவன் ஏழு வருஷம் சவூதியில் வேலை செய்து வந்தவன். வரும்போது ஒரு தாள் கொண்டு வந்தான். ஈமானை, அதாவது இறைநம்பிக்கையை, முறிக்கும் பத்து விஷயங்கள். எங்கள் அலுமாரிக் கதவின் உள்பக்கம் அவனே ஒட்டினான். இணை வைத்தல், சூனியம் செய்தல், மார்க்கத்தைக் கேலி செய்தல் என்று வரிசையாக இருக்கும். நானும் வாசித்துத் தலையாட்டியவள்தான். அல்லாஹ்வைக் கேலி செய்கிறவனை யார் ஏற்றுக்கொள்வார்கள்? அந்தத் தாளுக்குள் என் வீட்டு மனிதரைப் பிடித்துப் போடுவார்கள் என்று நினைக்கவில்லை.

பின்னேரம் தம்பி வந்தான். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ராத்தா, மச்சான்ட ஈமான் முறிஞ்சிட்டு. நிக்காஹும் முறிஞ்சிட்டு. இனி ஒண்டா இருக்கிறது ஹராம்."

"ஒரு பிளேன்டீக்கா?"

"விளையாடாதீங்க. விளையாடினதாலதான் இது வந்த."

சொல்லிவிட்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"ஒருத்தனக் காபிர் எண்டு சொல்லி, அவன் அப்படி இல்லாட்டி, அது சொன்னவனுக்கே திரும்பும் எண்டு நீதானே எனக்குச் சொல்லித் தந்த? அப்ப உன்ட பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. ரெண்டு நிக்காஹையும் ஒண்டாச் செஞ்சிடுவம்."

"நான் காபிர் எண்டு சொல்லல்ல ராத்தா. அந்தச் செயல்தான் குப்ர், இறைமறுப்பு எண்டு சொன்னன்."

செயலுக்கா நிக்காஹ் செய்து வைத்தார்கள்? கேட்டேன்.

தம்பியை விட என்னைக் கொன்றது என் கணவர்தான். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர். தம்பி சொன்னதைக் கேட்டதும் தலையணையை எடுத்துக்கொண்டு கடைக்குப் படுக்கப் புறப்பட்டார்.

"நீங்க அத நம்புறீங்களா?"

"நம்பல்ல" என்றார். "ஆனா உண்மையா இருந்தா?"

நான் மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளி மௌலவியின் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மௌலவி நல்ல மனிதர்.

"ஒண்டும் முறியல்ல தங்கச்சி. வாய் தவறின கதை. தவ்பா செஞ்சு பாவமன்னிப்புக் கேட்டாப் போதும்."

"அப்ப அத வெள்ளிக்கிழமை ஜும்ஆவில சொல்லுங்க."

"ஊர் ரெண்டாப் போயிடும். பேணுதலுக்கு நிக்காஹை ஒருக்காத் திரும்பச் செஞ்சிடுங்களேன். நட்டமில்லையே."

தெரியாமல் சொல்கிறவனைப் பொறுக்கலாம். தெரிந்துகொண்டு வாயை மூடுகிறவரை என்னால் இன்றைக்கும் பொறுக்க ஏலாது. அவர் பின்னால் தொழுகிறார்கள். தொழட்டும்.

பிடிவாதமாக இருந்திருப்பேன். ஆனால் மகளுக்கு மூதூரில் சம்பந்தம் பேசியிருந்தோம். அங்கிருந்து மாப்பிள்ளையின் உம்மா போன் எடுத்தார். "உங்கட வீட்டில ஏதோ பிரச்சினையாமே?" என்று மெதுவாகத்தான் கேட்டார். போனை வைத்துவிட்டுத் தம்பிக்கு ஆள் அனுப்பினேன்.

வாப்பா மௌத்தாகிவிட்டதால் தம்பிதான் எனக்கு வலிகாரன், என்னைக் கட்டிக் கொடுக்க உரிமையுள்ளவன். முறிந்தது என்று சொன்னவனும் அவன், கட்டி வைத்தவனும் அவன். எங்கள் வீட்டு மண்டபத்தில் ஐந்து ஆண்கள். முதலில், மார்க்கத்துக்குப் புதிதாக வருகிறவரைப் போல, என் கணவரைக் கலிமா சொல்ல வைத்தார்கள். ஒவ்வொரு தொழுகையிலும் அவர் சொல்லுகிற கலிமா. களவெடுத்துப் பிடிபட்டவன் தன் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். அறைக்குள் எனக்குக் கேட்டது. பிறகு தம்பி கதவடிக்கு வந்து, "சம்மதமா ராத்தா?" என்றான்.

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மகளின் கலியாணம் நடந்தது. பால்மாவும் வந்துவிட்டது. அலுமாரியில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. அதில் அல்லாஹ்வின் பெயர் இருப்பதால் கிழிக்கக் கை வரவில்லை.

போன மாதம் டவுனுக்குப் போனபோது கடைக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஆட்கள் குறைவு. சல்லி மீன்காரர் வந்தார்.

"நானா, மேல கடை போடுற அலுவல் என்ன மாதிரி?"

என் கணவர் வாசலைப் பார்த்தார். பிறகு தம்பி வழக்கமாக உட்காரும் மூலையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பால் தேநீரை ஆற்றி மீன்காரர் முன்னால் வைத்தார்.

"இவ்வளவு சீனி காணுமா?" என்று கேட்டார்.